மின்ஜிடபிள்யூ

மின்ஜிடபிள்யூ என்பது மைக்ரோசாப்ட் விண்டோஸ் இயங்குதளத்தில் நேரடியாக இயங்கும் மென்பொருள்களை உருவாக்குவதற்கான கட்டற்ற கருவித் தொகுதி ஆகும். க்னூ திட்டத்தின் தொகுப்பியான ஜிசிசி, பொருள் கோப்புகளை இணைக்கும் பின்யூட்டில்ஸ் கருவிகள், விண்டோசின் செயற்கூறுகளை அறிவிக்கும் தலைப்புக் கோப்புகள், இணைப்பு நிரலகங்கள், தொடக்க நிரல்கள் ஆகியன இதில் அடங்கும். சி, சி++, போர்ட்ரான் முதலிய மொழிகளில் எழுதப்பட்ட மூலநிரலை இது எக்ஸ்இ, டிஎல்எல் வகைக் கோப்புகளாக மாற்றுகின்றது. இவ்வாறு உருவாகும் நிரல், விண்டோசுடன் வரும் நிரலகங்களையே நாடி இயங்குகின்றது. யுனிக்ஸ் சூழலைப் போலச் செய்யும் தனியான இடைப்படை எதுவும் அதற்குத் தேவையில்லை. மின்ஜிடபிள்யூவின் பயன்கள், குறைகள் இரண்டும் பெரும்பாலும் இந்த ஒரு முடிவிலிருந்தே தோன்றியவை.

இக்கருவிகளை விண்டோசிலும் இயக்கலாம். லினக்ஸ் போன்ற பிற தளங்களில் இருந்தபடியே விண்டோசுக்கான நிரல்களைத் தொகுக்கவும் இயலும். 1998 ஆம் ஆண்டில் தொடங்கிய மூலத் திட்டம், அதன்பின் தனியாக வளர்ந்த மின்ஜிடபிள்யூ-டபிள்யூ64 திட்டம் ஆகிய இரண்டும் பேச்சுவழக்கில் ஒரே பெயரால் சுட்டப்படுகின்றன. இன்று பரவலாகப் பயன்படுவது பின்னையதே.

பெயர்

விண்டோசுக்கான மிகச் சிறிய க்னூ என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே மின்ஜிடபிள்யூ ஆகும். தொடக்கத்தில் இது மின்ஜிடபிள்யூ32 என அழைக்கப்பட்டது. 32 பிட் நிரல்களை மட்டுமே உருவாக்கும் எனப் பயனர்கள் கருதிவிடக் கூடாது என்பதற்காகப் பின்னர் அவ்வெண் நீக்கப்பட்டது. ஆயினும் அது முற்றாக மறைந்துவிடவில்லை. 64 பிட் விண்டோசுக்கான இலக்குப் பெயர் இன்றும் "எக்ஸ்86_64-டபிள்யூ64-மின்ஜிடபிள்யூ32" என்றே முடிகின்றது. பழைய அமைவு நிரல்கள் பல இச்சொல்லைத் தேடியே விண்டோசை அடையாளம் கண்டுகொள்வதால், இதை மாற்றுவது எளிதன்று. புதியவர்கள் தவறான கருவியைத் தரவிறக்கிவிட்டோமோ என்று ஐயுறுவதற்கு இப்பெயரே முதற் காரணமாக அமைகின்றது.

பின்னணி

1990களில் விண்டோசுக்கான மென்பொருளைச் சி மொழியில் எழுத விரும்பிய ஒருவர் மைக்ரோசாப்ட், போர்லாண்ட் போன்ற நிறுவனங்களின் தொகுப்பிகளை விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஜிசிசி தொகுப்பி யுனிக்ஸ் வகைத் தளங்களில் வேரூன்றியிருந்தபோதும் விண்டோசில் அதற்கு இடமிருக்கவில்லை. டாஸ் இயங்குதளத்துக்கு டிஜேஜிபிபி என்ற பெயரில் ஜிசிசி கிடைத்தது. ஆனால் அது விண்டோசின் சாளர நிரல்களுக்கானதன்று.

இக்குறையை முதலில் நிரப்ப முயன்றது சிக்வின் ஆகும். சிக்னஸ் சொலூசன்ஸ் நிறுவனத்தில் ஸ்டீவ் சேம்பர்லெயின் 1995 ஆம் ஆண்டில் இதைத் தொடங்கினார். சிக்வினின் நோக்கம் யுனிக்ஸ் நிரல்களைப் பெரிதாக மாற்றாமல் விண்டோசில் இயங்கச் செய்வதாகும். இதற்காக யுனிக்சின் செயற்கூறுகளை விண்டோசின் செயற்கூறுகளாக மாற்றித் தரும் பெரிய டிஎல்எல் ஒன்றை அது இடையில் வைத்தது. விண்டோசில் இல்லாத "போர்க்" என்னும் செயல்முறைப் பிரிப்பைக்கூட இந்த டிஎல்எல் போலச் செய்து காட்டியது. மிகத் திறமையான பணிதான். எனினும் அதற்கு இரண்டு விலைகள் இருந்தன. போர்க் போன்ற செயல்கள் விண்டோசில் மெதுவாக நடந்தன என்பது ஒன்று. உரிமம் மற்றொன்று. சிக்வின் டிஎல்எல் ஜிபிஎல் உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டதால், அதனுடன் இணைக்கப்பட்ட நிரலையும் திறந்த மூலமாகவே வெளியிட வேண்டியிருந்தது. மூலநிரலைத் தர விரும்பாத நிறுவனங்கள் தனி உரிமத்தை விலைக்கு வாங்க வேண்டும். சிக்வின் எல்ஜிபிஎல் உரிமத்துக்கு மாறியது 2016 ஆம் ஆண்டில்தான்.

யுனிக்ஸ் சூழல் தேவைப்படாத, விண்டோசுக்கென்றே எழுதப்படும் நிரல்களுக்கு இந்த இடைப்படை வேண்டாத சுமையாக இருந்தது. அவற்றுக்குத் தேவைப்பட்டது தொகுப்பி மட்டுமே.

வரலாறு

கொலின் பீட்டர்ஸ் 1998 ஆம் ஆண்டில் மின்ஜிடபிள்யூ32இன் முதல் வடிவத்தை உருவாக்கினார். அவ்வடிவத்தில் தொகுப்பி இயங்குவதற்குச் சிக்வின் தேவைப்பட்டது. அது உருவாக்கிய நிரல்கள் மட்டும் சிக்வினைச் சாராதிருந்தன. அதன்பின் யான்-யாப் வான் டெர் ஹைடன் ஜிசிசியையே விண்டோசில் நேரடியாக இயங்கும்படி மாற்றியமைத்து, பின்யூட்டில்ஸ், மேக் ஆகிய கருவிகளையும் சேர்த்தார். பின்னர் பொறுப்பேற்ற முமித் கான் விண்டோசுக்கே உரிய பல வசதிகளை இணைத்தார். ஆண்டர்ஸ் நோர்லாண்டர் எழுதிய விண்டோஸ் தலைப்புக் கோப்புகளும் இக்காலத்திலேயே சேர்ந்தன. 2000 ஆம் ஆண்டில் திட்டம் சோர்ஸ்போர்ஜ் தளத்துக்கு மாறியது.

தலைப்புக் கோப்புகள் பற்றித் தனியே கூற வேண்டும். விண்டோசில் ஒரு சாளரத்தைத் திறக்க வேண்டுமாயின், அதற்குரிய செயற்கூறின் பெயர், அது ஏற்கும் மாறிகள், அவற்றின் வகைகள், நூற்றுக்கணக்கான மாறிலிகளின் எண்மதிப்புகள் ஆகியவற்றைத் தொகுப்பி அறிந்திருக்க வேண்டும். மைக்ரோசாப்ட் தன் கருவிகளுடன் வழங்கும் தலைப்புக் கோப்புகளில் இவை உள்ளன. அக்கோப்புகள் பதிப்புரிமைக்கு உட்பட்டவை ஆதலால் அவற்றைப் படியெடுத்தல் ஆகாது. எனவே வெளிப்படையாகக் கிடைக்கும் ஆவணங்களைப் படித்து ஒவ்வோர் அறிவிப்பையும் புதிதாக எழுத வேண்டியிருந்தது. பெயர் வெளியே தெரியாத தன்னார்வலர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் செய்த இப்பணி தொகுப்பியைப் போல் வியந்து பேசப்படுவதில்லை. ஆனால் இது இல்லாமல் தொகுப்பியால் பயனில்லை.

இதே எச்சரிக்கையே பிற்காலத்தில் திட்டம் இரண்டாகப் பிரியவும் காரணமாயிற்று. 64 பிட் விண்டோஸ் வந்தபோது மூலத் திட்டம் அதற்கேற்ப விரைந்து மாறவில்லை. ஒன்விசன் சாப்ட்வேர் என்ற நிறுவனம் 2005 ஆம் ஆண்டில் தன் தேவைக்காக 64 பிட் ஆதரவுடன் கூடிய நிரலகத்தைத் தனியே எழுதத் தொடங்கியது. 2008 ஆம் ஆண்டில், திறந்த மூலமாகவே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன், அதன் முன்னணி உருவாக்குநர்களுள் ஒருவரான கை டீட்சிடம் அதை ஒப்படைத்தது. அது முதலில் மூலத் திட்டத்துக்கே அளிக்கப்பட்டது. ஆனால் வெளியிடப்படாத தகவல்கள் அதில் கலந்திருக்கக் கூடும் என்ற ஐயத்தால் மூலத் திட்டம் அதை ஏற்கவில்லை. இதனால் மின்ஜிடபிள்யூ-டபிள்யூ64 தனித்திட்டமாக வளர்ந்தது. பெயரில் 64 இருப்பினும் இது 32 பிட் நிரல்களையும் உருவாக்கும்.

அடுத்த சில ஆண்டுகளில் லினக்ஸ் வழங்கல்களும் பெரிய திட்டங்களும் ஒவ்வொன்றாகப் புதிய திட்டத்துக்கு மாறின. மூலத் திட்டம் 2018 ஆம் ஆண்டில் சோர்ஸ்போர்ஜை விட்டு ஓஎஸ்டிஎன் தளத்துக்குச் சென்றது. அதற்குள் அதன் பயனர்களுள் பெரும்பாலோர் விலகிவிட்டிருந்தனர்.

எம்சிஸ்

க்னூ நிரல்களின் மூலநிரலைத் தொகுக்கும் முன் "கன்பிகர்" என்னும் அமைவு நிரலை இயக்க வேண்டும். அது யுனிக்ஸ் ஷெல் மொழியில் எழுதப்பட்டது. விண்டோசின் கட்டளை முனையத்துக்கு அம்மொழி புரியாது. எனவே சிக்வினின் பழைய பதிப்பொன்றிலிருந்து கிளைத்த எம்சிஸ் என்ற சிறிய ஷெல் சூழல் மின்ஜிடபிள்யூவுடன் வழங்கப்பட்டது. தொகுக்கும் வேலைக்கு மட்டும் இடைப்படையைப் பயன்படுத்தி, உருவாகும் நிரலில் அதைத் தவிர்ப்பது இதன் வழி.

2013 ஆம் ஆண்டளவில் அலெக்சி பாவ்லோவ் தொடங்கிய எம்சிஸ்2 இதன் புதிய வடிவமாகும். ஆர்ச் லினக்சின் பேக்மேன் பொதி மேலாளரை இது பயன்படுத்துகின்றது. தொகுப்பியையும் ஆயிரக்கணக்கான நிரலகங்களையும் ஒரே கட்டளையில் நிறுவ இயல்வதால், விண்டோசில் ஜிசிசியைப் பெற விரும்புவோர் பெரும்பாலும் இவ்வழியையே நாடுகின்றனர். அதற்கு முன்பு, ஒவ்வொரு நிரலகத்தையும் தனித்தனியே தேடித் தரவிறக்கித் தொகுப்பதிலேயே நாட்கள் கழிந்துவிடும்.

செயற்படும் விதம்

ஒரு சி கோப்பு நிரலாக மாறும் வழி, லினக்சில் உள்ளதைப் போன்றதே. தொகுப்பி மூலநிரலை அசெம்பிளி மொழிக்கு மாற்றுகின்றது. அசெம்பிளர் அதிலிருந்து பொருள் கோப்பை உருவாக்குகின்றது. இணைப்பி பொருள் கோப்புகளை ஒன்றுசேர்க்கின்றது. லினக்சில் இஎல்எப் வடிவக் கோப்பு கிடைக்கும் இடத்தில், இங்கு விண்டோசின் பிஇ வடிவக் கோப்பு கிடைக்கின்றது. விண்டோசின் செயற்கூறுகள் கெர்னல்32, யூசர்32, ஜிடிஐ32 போன்ற டிஎல்எல்களில் இருப்பதால், எந்தச் செயற்கூறு எந்த டிஎல்எல்லில் உள்ளது என்ற பட்டியலை இணைப்பி நிரலுக்குள் எழுதிவைக்கின்றது. நிரல் தொடங்கும்போது விண்டோஸ் அப்பட்டியலைப் படித்து முகவரிகளை நிரப்பும். மைக்ரோசாப்டின் இணைப்பிக்கு இதற்கென இணைப்பு நிரலகம் ஒன்று தேவை. க்னூ இணைப்பியோ டிஎல்எல்லை நேரடியாகவே படித்து இணைத்துவிடும்.

சாளர நிரல்களைத் தொகுக்கும்போது "எம்விண்டோஸ்" என்ற தெரிவைத் தர வேண்டும். அதை மறந்தால் நிரலின் சாளரத்துக்குப் பின்னால் கறுப்பு நிறக் கட்டளை முனையம் ஒன்றும் திறந்து நிற்கும். படவுருக்கள், பட்டிகள், பதிப்புத் தகவல்கள் ஆகியவற்றை நிரலுக்குள் பொதிக்க விண்ட்ரெஸ் என்ற கருவி உள்ளது.

இயக்கநேர நிரலகம்

திரையில் எழுதுதல், கோப்பைத் திறத்தல், நினைவகத்தைப் பெறுதல் போன்ற சி மொழியின் பொதுச் செயற்கூறுகளை ஏதேனும் ஒரு நிரலகம் வழங்கியாக வேண்டும். லினக்சில் ஜிலிப்சி அப்பணியைச் செய்கின்றது. சிக்வின் தன் டிஎல்எல்லில் அவற்றை வைத்தது. மின்ஜிடபிள்யூவோ விண்டோசிலேயே இருந்த மைக்ரோசாப்டின் நிரலகத்தைப் பயன்படுத்திக்கொண்டது. மிகத் தொடக்கத்தில் அது சிஆர்டிடிஎல்எல், பின்னர் எம்எஸ்விசிஆர்டி.

இதனால் நிரல்கள் சிறியனவாக இருந்தன. எவ்விதக் கூடுதல் கோப்பும் இன்றி எந்த விண்டோஸ் கணினியிலும் இயங்கின. உரிமச் சிக்கலும் எழவில்லை. இயங்குதளத்தின் பகுதியாக வரும் நிரலகங்களுடன் இணைப்பதை ஜிபிஎல் அனுமதிக்கின்றது. நிரலுடன் சேர்த்து வழங்கப்படும் மூடிய நிரலகத்துக்கு இரண்டாம் பதிப்பு ஜிபிஎல்லில் அச்சலுகை இல்லை. எனவே, இயங்குதளத்திலேயே உள்ள எம்எஸ்விசிஆர்டி மின்ஜிடபிள்யூவுக்கு இன்றியமையாததாயிற்று.

மறுபுறம், தன் அடித்தளத்தின்மீது தனக்கே கட்டுப்பாடில்லாத நிலையும் உண்டாயிற்று. விசுவல் சி++ தொகுப்பி 2002 ஆம் ஆண்டு முதல் தன் ஒவ்வொரு பதிப்புக்கும் புதிய பெயருடைய நிரலகத்தைக் கொண்டுவந்தது. எம்எஸ்விசிஆர்டியை இயங்குதளத்தின் சொந்தப் பயனுக்கென மைக்ரோசாப்ட் ஒதுக்கிவைத்தது. அதனால் 1999 ஆம் ஆண்டின் சி மொழித் தரம் கோரிய பல வசதிகள் அதில் முழுமையாக வந்துசேரவில்லை. 64 பிட் முழு எண்ணை அச்சிடும் தரமுறையான குறியீட்டைப் பழைய விண்டோஸ் பதிப்புகளில் இருந்த எம்எஸ்விசிஆர்டி அறியாது. மைக்ரோசாப்டுக்கே உரிய வேறொரு குறியீட்டைத் தர வேண்டும். "லாங் டபுள்" வகை எண் இன்னும் சிக்கலானது. ஜிசிசி அதை 80 பிட் எண்ணாகக் கொள்கின்றது. மைக்ரோசாப்டின் நிரலகமோ 64 பிட்டாகவே கருதுகின்றது. ஒன்று எழுதியதை மற்றொன்று படித்தால் பொருளற்ற எண்களே திரையில் தோன்றும். தொகுக்கும்போது எச்சரிக்கை எதுவும் எழாமற் போகலாம். விடை மட்டும் தவறாக இருக்கும். இதனைத் தவிர்க்க மின்ஜிடபிள்யூ இச்செயற்கூறுகளைத் தானே எழுதி, விரும்புவோர் தெரிவு செய்துகொள்ளும்படி வைத்தது.

2015 ஆம் ஆண்டில் விண்டோஸ் 10உடன் யுசிஆர்டி என்னும் புதிய பொது நிரலகம் வந்தது. இது மொழித் தரங்களைப் பெரிதும் பின்பற்றுகின்றது. இயங்குதளத்தின் பகுதியாகவும் உள்ளது. எம்சிஸ்2 2022 ஆம் ஆண்டு அக்டோபரில் யுசிஆர்டி சூழலைத் தன் இயல்புச் சூழலாக்கியது. மின்ஜிடபிள்யூ-டபிள்யூ64 தன் 12ஆம் பதிப்பில், 2024 ஆம் ஆண்டு மே மாதம், அதே மாற்றத்தைச் செய்தது. பழைய எம்எஸ்விசிஆர்டியைத் தெரிவு செய்யும் வாய்ப்பு நீக்கப்படவில்லை.

தமிழ்க் கோப்புப் பெயர்கள்

இயக்கநேர நிரலகத்தைச் சார்ந்த சிக்கல்களுள் தமிழ்ப் பயனர்களை நேரடியாகத் தொடுவது இது. விண்டோஸ் தன் உள்ளே எழுத்துகளை 16 பிட் ஒருங்குறியாக வைத்துள்ளது. சி மொழியின் "எப்ஓபன்", "மெயின்" ஆகிய செயற்கூறுகளோ 8 பிட் எழுத்துத் தொடர்களையே அறியும். இரண்டுக்கும் இடையில் கணினியின் ஆன்சி குறிமுறைப் பக்கத்தின் வழியாக எழுத்துகள் மாற்றப்படுகின்றன. ஆங்கில விண்டோசில் இது வழக்கமாக 1252 ஆம் பக்கம். அதில் பிரெஞ்சு, செருமானிய எழுத்துகளுக்கு இடமுண்டு, தமிழுக்கு இல்லை. சப்பானியம், உருசியம் போன்ற மொழிகளுக்குத் தனிப்பக்கங்கள் உள்ளன. தமிழுக்கோ ஆன்சி பக்கம் ஒதுக்கப்படவே இல்லை. விண்டோஸ் 2000 முதல் தமிழ், ஒருங்குறி மட்டுமே உடைய மொழியாகவே ஆதரிக்கப்பட்டு வந்துள்ளது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். "கணக்கு" எனப் பெயரிட்ட உரைக் கோப்பொன்றை, மின்ஜிடபிள்யூவால் வழக்கமான முறையில் தொகுத்த நிரல் ஒன்றுக்குக் கட்டளை வரியில் தருவதாகக் கொள்வோம். நிரலைச் சென்றடையும் முன்பே அப்பெயரின் எழுத்துகள் யாவும் கேள்விக்குறிகளாகிவிடும். கேள்விக்குறி விண்டோசில் கோப்புப் பெயராக அமைய இயலாத குறி. ஆகவே கோப்பு கண்ணெதிரே இருந்தும் நிரல் அதைக் காணவில்லை என்றே கூறும். லினக்சில் சரியாக இயங்கிய மூலநிரல் எவ்வித மாற்றமும் இன்றி விண்டோசில் பிழையாவதற்கு இது தெளிவான சான்று. நிரலாளர் ஆங்கிலப் பெயர்களைக் கொண்டே சோதிப்பதால், இவ்வழு அவர் கண்ணில் படுவதும் அரிது.

இதற்கு நெடுங்காலம் இருந்த ஒரே வழி, விண்டோசுக்கே உரிய அகன்ற எழுத்துச் செயற்கூறுகளை அழைப்பதாகும். அகன்ற எழுத்துகளை ஏற்கும் தொடக்கச் செயற்கூறுக்காக மின்ஜிடபிள்யூ-டபிள்யூ64இல் "எம்யுனிகோட்" என்ற தெரிவு சேர்க்கப்பட்டது. பெரிய திட்டங்கள் தமக்கெனத் தனி மாற்றுப்படைகளை எழுதிக்கொண்டன. கிட் மென்பொருளின் மூலநிரலில் விண்டோசுக்காக மட்டும் "மின்ஜிடபிள்யூ.சி" என்றொரு கோப்பு உள்ளது. திறத்தல், பெயர்மாற்றல் போன்ற செயற்கூறுகள் ஒவ்வொன்றையும் யுடிஎப்-8இலிருந்து அகன்ற எழுத்துகளுக்கு மாற்றித் தருவது அதன் பணிகளுள் ஒன்று. சிறு நிரல்களை எழுதுவோருக்கு இவ்வளவு உழைப்பு இயலாத காரியம்.

2019 ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 10இன் 1903 ஆம் பதிப்பு முதல், ஒரு நிரல் தன் ஆன்சி குறிமுறைப் பக்கமாக யுடிஎப்-8ஐ அறிவித்துக்கொள்ள முடிகின்றது. நிரலுக்குள் பொதிக்கப்படும் சிறிய அறிவிப்புக் கோப்பு ஒன்றே இதற்குப் போதும். யுசிஆர்டியுடன் சேரும்போது சாதாரண எப்ஓபன் வழியாகவே தமிழ்ப் பெயருள்ள கோப்பைத் திறக்கலாம். மின்ஜிடபிள்யூ-டபிள்யூ64 கருவிகளால் தொகுக்கப்படும் ஆர் புள்ளியியல் மொழி, 2022 ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியான 4.2 பதிப்பில் யுசிஆர்டிக்கு மாறி, புதிய விண்டோஸ் பதிப்புகளில் யுடிஎப்-8ஐத் தன் இயல்பான குறிமுறையாக்கியது. அதற்காக, ஆர் மொழியுடன் சி, சி++, போர்ட்ரான் நிரல்களைக் கொண்ட பொதிகளையும் மீண்டும் தொகுக்க வேண்டியிருந்தது. இரு வேறு இயக்கநேர நிரலகங்களைச் சார்ந்த பொருள் கோப்புகளைக் கலக்க இயலாது என்பதே காரணம்.

விதிவிலக்குகளும் ஒரு காப்புரிமமும்

சி++ மொழியில் பிழை நேரும்போது விதிவிலக்கு ஒன்று வீசப்பட்டு, அழைப்பு அடுக்கின் வழியே மேல்நோக்கிச் செல்லும். விண்டோசில் இதற்கென எஸ்இஎச் என்னும் அமைப்பு உண்டு. 32 பிட் விண்டோசில் அவ்வமைப்பைத் தொகுப்பியில் பயன்படுத்தும் முறைக்குப் போர்லாண்ட் நிறுவனம் அமெரிக்காவில் காப்புரிமம் பெற்றிருந்ததால் ஜிசிசி அதைத் தவிர்த்தது. அதற்கு மாற்றாக இரண்டு முறைகள் வழங்கப்பட்டன. எஸ்ஜேஎல்ஜே என்ற முதல் முறை எங்கும் செயற்படும். ஆனால் விதிவிலக்கு ஒன்றுமே நிகழாவிட்டாலும் நிரலின் வேகத்தைக் குறைக்கும். ட்வார்ப் என்ற இரண்டாம் முறை வேகமானது. ஆனால் பிற தொகுப்பிகளால் உருவாக்கப்பட்ட நிரற்பகுதி இடையில் வந்தால் விதிவிலக்கு அதைக் கடந்து செல்லாது. விண்டோஸ் தானே திருப்பி அழைக்கும் செயற்கூறுகள் சாளர நிரல்களில் மிகுதி என்பதால் இது சிறிய குறையன்று.

64 பிட் விண்டோசில் எஸ்இஎச் வேறு விதமாக, அட்டவணைகளின் அடிப்படையில் அமைக்கப்பட்டது. 2013 ஆம் ஆண்டில் வெளியான ஜிசிசி 4.8 அதை ஆதரித்தது. போர்லாண்டின் காப்புரிமம் 2014 ஆம் ஆண்டில் காலாவதியானபோது 32 பிட் கணினிகளின் முதன்மைக் காலம் முடிந்துவிட்டிருந்தது. மின்ஜிடபிள்யூ பொதிகளின் பெயர்களில் ஒட்டியிருக்கும் சேஹ், ட்வார்ப் போன்ற சொற்கள் இவ்வரலாற்றின் எச்சங்களே.

பிற நிரலகங்களுடன் இணைதல்

சி மொழி நிரலகங்களைப் பொறுத்தவரை, மைக்ரோசாப்டின் தொகுப்பியால் உருவான டிஎல்எல்லை மின்ஜிடபிள்யூ நிரல் தடையின்றி அழைக்கலாம். சி++இல் அவ்வாறு இயலாது. செயற்கூறுகளின் பெயர்களை இரண்டு தொகுப்பிகளும் வெவ்வேறு விதமாகக் குறியிடுகின்றன. வகுப்புகளை நினைவகத்தில் அமைக்கும் முறையும் மாறுபடுகின்றது. எனவே விசுவல் சி++க்கென மட்டும் வழங்கப்படும் சி++ நிரலகத்தை, மூலநிரல் இல்லாத நிலையில், மின்ஜிடபிள்யூவில் பயன்படுத்த வழியில்லை.

புதிய பயனர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் பிழை வேறொன்று. தொகுத்த கணினியில் நன்றாக இயங்கும் நிரல், நண்பரின் கணினியில் லிப்ஜிசிசி, லிப்எஸ்டிடிசி++, லிப்வின்பித்ரெட் ஆகிய டிஎல்எல்களுள் ஏதோ ஒன்று இல்லை எனக் கூறி நின்றுவிடும். இவை தொகுப்புக் கருவிகளுடன் வரும் துணை நிரலகங்கள். விண்டோசில் இருப்பவை அல்ல. தொகுத்தவரின் கணினியில் மின்ஜிடபிள்யூ அடைவு தேடல் பாதையில் இருப்பதால் அங்கு குறை தெரிவதில்லை. "ஸ்டேடிக்" தெரிவைத் தந்து அவற்றை நிரலுக்குள்ளேயே சேர்த்துவிடலாம். அல்லது நிரல் உள்ள அடைவிலேயே அந்த டிஎல்எல்களையும் வைத்து வழங்கலாம். ஒரு டிஎல்எல்லில் வீசப்படும் விதிவிலக்கை மற்றொன்று பிடிக்க வேண்டிய நிரல்களுக்குப் பின்னைய வழியே பாதுகாப்பானது. வேறொரு மென்பொருள் தன் அடைவைத் தேடல் பாதையில் சேர்த்திருந்தால், அதிலுள்ள பழைய லிப்எஸ்டிடிசி++ தவறுதலாக ஏற்றப்படுவதும் உண்டு. அவ்வேளையில் தோன்றும் பிழைச்செய்தியைக் கொண்டு காரணத்தை ஊகிப்பது கடினம்.

உரிமம்

ஜிசிசி தொகுப்பி ஜிபிஎல் உரிமத்தில் உள்ளது. ஆனால் அதைக் கொண்டு உருவாக்கும் நிரலுக்கு அவ்வுரிமம் தானாக ஒட்டிக்கொள்வதில்லை. நிரலுக்குள் சேரும் லிப்ஜிசிசி, லிப்எஸ்டிடிசி++ பகுதிகளுக்கு இயக்கநேர நிரலக விலக்கு என்னும் தனி அனுமதி உண்டு. மின்ஜிடபிள்யூவின் தலைப்புக் கோப்புகளும் தொடக்க நிரல்களும் பெரும்பாலும் பொதுவுடைமையாக அல்லது தாராளமான உரிமங்களில் வெளியிடப்பட்டுள்ளன. ஆகவே விற்பனைக்குரிய மூடிய மென்பொருளையும் இக்கருவிகளால் உருவாக்கலாம்.

குறுக்குத் தொகுத்தல்

மைக்ரோசாப்ட் 2004 ஆம் ஆண்டில் விசுவல் சி++ கட்டளைவரித் தொகுப்பியை இலவசமாக வெளியிட்டது. பின்னர் எக்ஸ்பிரஸ் பதிப்புகளும், 2014 ஆம் ஆண்டில் கம்யூனிட்டி பதிப்பும் வந்தன. இவற்றால் விலை என்ற காரணம் வலுவிழந்தது. ஆயினும் மின்ஜிடபிள்யூவின் பயன்பாடு குறையவில்லை. விண்டோஸ் கணினி ஒன்றுமே இல்லாமல் விண்டோஸ் மென்பொருளை உருவாக்கும் வசதியே இதற்குப் பெருங்காரணம். டெபியன், பெடோரா உள்ளிட்ட லினக்ஸ் வழங்கல்களில் இக்கருவிகள் ஆயத்தப் பொதிகளாகக் கிடைக்கின்றன. பெடோரா 2009 ஆம் ஆண்டில் வெளியான தன் 11 ஆம் பதிப்பில் தொகுப்பியோடு பல நிரலகங்களையும் விண்டோசுக்கெனத் தொகுத்து வழங்கியது. விஎல்சி ஊடக இயக்கியின் விண்டோஸ் பதிப்பு லினக்சிலேயே தொகுக்கப்படுகின்றது.

நம்பகத்தன்மை தொடர்பான பயன் பிற்காலத்தில் உணரப்பட்டது. திறந்த மூல மென்பொருளின் மூலநிரலை எவரும் படிக்கலாம். ஆனால் பயனர் தரவிறக்கும் எக்ஸ்இ கோப்பு அதே மூலநிரலிலிருந்துதான் வந்தது என்பதற்கு உறுதி என்ன? தொகுத்தவரின் கணினியில் யாரேனும் ஊடுருவியிருந்தால் மூலநிரலில் தடயமே இராது. இதற்குத் தீர்வாக, வெவ்வேறு நபர்கள் தத்தம் கணினிகளில் தனித்தனியே தொகுத்து, கிடைக்கும் கோப்புகள் ஒரு பைட்டும் மாறாமல் ஒத்துள்ளனவா என ஒப்பிடும் மறு உருவாக்க முறை வளர்ந்தது. டோர் உலாவி 2013 ஆம் ஆண்டு முதல் இம்முறையைக் கையாள்கின்றது. பிட்காயின் கோர் மென்பொருளும் அவ்வாறே. இதற்குத் தொகுப்புச் சூழல் முழுவதும் எவரும் அப்படியே மீண்டும் அமைக்கத்தக்கதாக இருக்க வேண்டும். லினக்சும் மின்ஜிடபிள்யூவும் சேர்ந்த சூழல் அதற்கு இடமளிக்கின்றது. பிஇ கோப்பின் தலைப்பகுதியில் தொகுத்த நேரம் பதியப்படுவதால், ஒரே மூலநிரலை இருமுறை தொகுத்தாலும் கோப்புகள் வேறுபட்டன. அந்நேரத்தைப் பதியாமல் விடும் தெரிவொன்று க்னூ இணைப்பியில் சேர்க்கப்பட்டது.

பயன்பாடு

2000களில் மாணவர்கள் பலரும் மின்ஜிடபிள்யூ என்ற பெயரை அறியாமலே அதைப் பயன்படுத்தினர். கொலின் லாப்ளாஸ் உருவாக்கிய தேவ்-சி++, பின்னர் வந்த கோட்::பிளாக்ஸ் ஆகிய நிரலாக்கச் சூழல்கள் அதைத் தம்முடன் சேர்த்தே வழங்கின. தமிழ்நாட்டில் 2018 ஆம் ஆண்டில் அறிமுகமான பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலிலும் சி++ நிரல்களைத் தொகுக்கத் தேவ்-சி++ விளக்கப்பட்டுள்ளது.

கிம்ப், இங்க்ஸ்கேப் ஆகிய வரைகலை மென்பொருள்களின் விண்டோஸ் பதிப்புகள் எம்சிஸ்2 வழியாகத் தொகுக்கப்படுகின்றன. கோ மொழியில் சி நிரல்களை இணைக்கவும், ரஸ்ட் மொழியின் விண்டோஸ் இலக்குகளுள் ஒன்றுக்கும் மின்ஜிடபிள்யூ கருவிகள் பயன்படுகின்றன. விண்டோசை ஒத்த கட்டற்ற இயங்குதளமான ரியாக்ட்ஓஎஸ் இதனாலேயே தொகுக்கப்படுகின்றது. லினக்சில் விண்டோஸ் நிரல்களை இயக்கும் வைன் மென்பொருள், 2020 ஆம் ஆண்டு சனவரியில் வெளியான 5.0 பதிப்பு முதல் தன் சொந்த டிஎல்எல்களுள் பெரும்பாலானவற்றைப் பிஇ வடிவிலேயே உருவாக்குகின்றது. அதற்கும் மின்ஜிடபிள்யூ-டபிள்யூ64 பயன்பட்டது.

ஜிசிசிக்கு மாற்றாக எல்எல்விஎம் திட்டத்தின் கிளாங் தொகுப்பியையும் இதே தலைப்புக் கோப்புகளுடன் பயன்படுத்தலாம். ஆர்ம் செயலி கொண்ட விண்டோஸ் கணினிகளுக்கு முதலில் அவ்வழியே கிடைத்தது. 2025 ஆம் ஆண்டில் வெளியான ஜிசிசி 15, 64 பிட் ஆர்ம் விண்டோசுக்கான சி, சி++ ஆதரவைச் சில வரம்புகளுடன் சேர்த்துள்ளது. அதன் இலக்குப் பெயரும் மின்ஜிடபிள்யூ32 என்றே முடிகின்றது.